துவக்குச் சட்டம் பற்றிக் கதைக்கும்போது முதலில் நீட்ட வேண்டியது படமா, பட்டியலா?

வாசுகி_வெள்ளவத்தை | இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அலுவலகத்தில் நடக்கும் ஒரு வழக்கை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் வேலை செய்யும் சின்ன நிறுவனம் சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு செயலமர்வு வைக்கிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகள், சில ஆசிரியர்கள், இரண்டு மூன்று பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். துவக்குக் கொள்கை பற்றி வாதாடும் அமைப்புகள் ஆதாரத்தையும் கதையையும் எப்படிக் கையாளுகின்றன என்பதுதான் தலைப்பு. உதாரணம் பெரும்பாலும் அமெரிக்கா. தமிழாக்கம் என் தலையில்.

முதல் ஸ்லைட்டில் நான் போட்டது ஒரே ஒரு எண்: 48,830. 2021இல் அமெரிக்காவில் துவக்கால் செத்தவர்கள். எங்கள் இயக்குநர் அதை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்துப் படத்தைப் போடச் சொல்கிறார். 2022 மே 24 டெக்சாஸில் யுவால்டி என்ற ஊர்ப் பாடசாலையில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபின், அந்த ஊரில் பிறந்த நடிகர் மத்தியூ மெக்கொனஹே வெள்ளை மாளிகையில் பேசினார் அல்லவா, அப்போது காட்டிய பச்சைச் சப்பாத்து. செத்த பிள்ளைகளில் ஒருத்தி அணிந்த மாதிரி. பெருவிரல் பக்கம் கையால் கீறிய இதயம். அவளை அடையாளம் காண உதவியதே அந்தச் சப்பாத்துத்தான் என்று சொன்னார். மூன்று கிழமைக்குள், ஜூன் 25ஆம் திகதி, புதிய துவக்குச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது.

இயக்குநர் சொல்வது பிழை என்று எனக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னவோ இடிக்கிறது.

எண்கணக்கு | இரவு 8.58

அக்கா, என் வாக்கு எண்ணுக்கு. பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். கொலை 20,958. பாடசாலைக்குள்ளும் கடைத்தெருவிலும் நடக்கும் கூட்டுக்கொலைகள் மொத்தத்தில் ஒரு சிறு துண்டு. சப்பாத்தோடு தொடங்கினால் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் பாடசாலை வாசலில் யாரை நிறுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். வீட்டு அலுமாரியில் பூட்டாமல் கிடக்கும் துவக்கைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஆதாரம் ஓரளவு பலமாக இருப்பது அங்கேதான். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் பல வருடமாக எல்லா ஆய்வுகளையும் சலித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதில் ‘முடிவாகச் சொல்லப் போதிய சான்று இல்லை’. பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி துவக்கைப் பூட்டி வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் இளையோர் தற்கொலையையும் தவறுதலாக வெடிப்பதையும் குறைக்கிறது என்பதைத் துணிந்து சொல்கிறார்கள். எந்தப் படத்தை வைத்து இதைச் சொல்வது? பூட்டையா?

பானு மிஸ் | இரவு 9.15

//எந்தப் படத்தை வைத்து இதைச் சொல்வது? பூட்டையா?//

நல்ல கேள்வி தம்பி. ஆனால் படம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுக்கும் பரிசோதனை இது. 2007இல் ஸ்மோல், லோவென்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று பேர் வெளியிட்டது. ஆட்களின் கையில் ஐந்து ஒரு டொலர் நோட்டைக் கொடுத்து, பிறகு நன்கொடை கேட்டார்கள். சிலருக்கு ஆபிரிக்காவில் இத்தனை இலட்சம் பேர் பட்டினி என்ற விபரம் மட்டும். சிலருக்கு மாலி நாட்டில் ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும். விபரம் வாசித்தவர்கள் சராசரியாகக் கொடுத்தது 1.14 டொலர். ரொக்கியாவை வாசித்தவர்கள் 2.38.

மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூட வரும் என்றுதானே நினைப்போம்? 1.43. எண் வந்து கதையின் காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டது.

ஆகவே வாசுகி, ‘இரண்டையும் ஒரே ஸ்லைட்டில் போட்டுச் சமாளிக்கலாம்’ என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சட்டப்புத்தகம் | இரவு 9.31

முதலில் ஒன்று. என் புனைபெயரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி மாதிரி உடுத்துக்கொண்டு வந்தவன், உட்பக்கம் வெட்டிய புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால் பாதாள உலகக்காரன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டதற்கு முன்பே நான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். அன்றிலிருந்து என் புத்தகத்தையும் விரித்துக் காட்டச் சொல்கிறார்கள். சரி, அது போகட்டும்.

எல்லோரும் கதை என்றால் கட்டுப்பாடு கேட்பவர்களின் சொத்து என்று கதைக்கிறீர்கள். அமெரிக்காவில் துவக்குச் சட்டத்தை மாற்றிய பெரிய கதைகளில் ஒன்று மற்றப் பக்கத்துக் கதை. 1991 ஒக்டோபர் 16, டெக்சாஸ், கில்லீன் நகரத்தில் லூபிஸ் என்ற சாப்பாட்டுக் கடை. ஒருவன் வண்டியைக் கண்ணாடிக்குள்ளால் விட்டு இறங்கிச் சுடத் தொடங்குகிறான். சுசானா ஹப் என்ற பெண் தாய் தகப்பனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைப்பையைத் தேடுகிறாள். துவக்கு காரில். கொண்டு திரிவது அன்றைய சட்டப்படி குற்றம், பிடிபட்டால் தொழில் அனுமதி போய்விடும் என்று வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். தகப்பன் சுடுகிறவன் மேல் பாய்ந்து செத்தார். தாய் கணவனை விட்டு ஓடாமல் பக்கத்தில் இருந்து செத்தாள். மொத்தம் 23 பேர்.

அந்தப் பெண் மாநிலம் மாநிலமாகப் போய் இதைச் சாட்சியம் சொன்னாள். 1995இல் டெக்சாஸில் துவக்கை மறைத்துக் கொண்டு செல்ல அனுமதிக்கும் சட்டம் வந்தது. அடுத்த வருடம் அவளே மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானாள்.

இப்போது சொல்லுங்கள், பச்சைச் சப்பாத்துக்கும் காரில் கிடந்த துவக்குக்கும் எது பெரிது? இரண்டும் உண்மை. இரண்டும் அழ வைக்கும். போக வேண்டிய திசை மட்டும் நேரெதிர்.

கொட்டாஞ்சேனை அன்ரன் | இரவு 9.44

அப்படியென்றால் அந்தப் பக்கத்துக்கு எண்ணே இல்லையா?

எண்கணக்கு | இரவு 10.02

இருக்கிறது அன்ரன் அண்ணை. பெரிய எண்: 25 இலட்சம். அமெரிக்கர்கள் வருடத்துக்கு அத்தனை தடவை துவக்கால் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று கிளெக், கெர்ட்ஸ் என்ற இருவர் 1995இல் எழுதினார்கள். இன்று வரைக்கும் மேடையில் ஓடும் எண் அது.

எப்படி வந்தது என்று பாருங்கள். சுமார் 5,000 பேருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார்கள். நூற்றுக்கு ஒருவர் அளவில் ‘ஆம், போன வருடம் பாவித்தேன்’ என்றார்கள். அதை நாட்டின் வளர்ந்தவர்கள் தொகையால் பெருக்கினார்கள். இதில் எங்கே ஓட்டை? வெள்ளவத்தையில் 5,000 பேரிடம் ‘போன வருடம் உங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்ததா’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் ஐந்து வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் ஐம்பது பேர் வருடத்தை மாற்றிச் சொல்வார்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பாம்பைத் தங்கள் பாம்பாக்குவார்கள், அல்லது கேட்கிறவளைக் குழப்பச் சொல்வார்கள். அரிதாக நடப்பதைக் கேட்டால் நூற்றுக்கு ஒருவரின் பிழையே முழு விடையையும் தின்றுவிடும். அரசாங்கமே நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் இதே விடயம் ஒரு இலட்சத்துக்குப் பக்கமாகத்தான் வருகிறது. அதிலும் ஓட்டை உண்டு, அது வேறு கதை.

ஆக, எண் என்றாலே சுத்தம் என்று நானும் சொல்ல வரவில்லை.

பழைய நிருபர் | இரவு 10.20

பிள்ளைகள் நன்றாகத்தான் வாதாடுகிறீர்கள். ஆனால் எண் எங்கே இருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். 1993இல் கெலர்மன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் வீட்டில் துவக்கு இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று எழுதினார்கள். துவக்கு உரிமைக்காக வாதாடும் அமெரிக்கச் சங்கமான என்.ஆர்.ஏ. என்ன செய்தது? ஆய்வோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. 1996இல் காங்கிரஸில், நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் பணத்தைத் துவக்குக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகப் பாவிக்கக்கூடாது என்று ஒரு வரி வந்தது. டிக்கி என்ற உறுப்பினரின் பெயரில். அதோடு 26 இலட்சம் டொலரையும் வெட்டினார்கள். துவக்கு ஆய்வுக்கு முந்தின வருடம் செலவழித்த அதே தொகை. வரியில் ‘ஆய்வு செய்யாதே’ என்று இல்லை. ஆனால் வெட்டின தொகையைப் பார்த்தவனுக்கு விளங்காதா? இருபது வருடத்துக்கு மேல் அந்த நிலையம் அந்தப் பக்கம் சரியாகத் தலைவைத்துப் படுக்கவில்லை. டிக்கியே பிற்காலத்தில் அது பிழை என்று எழுதினார். 2019 கடைசியில்தான் மறுபடி 2.5 கோடி டொலர் ஒதுக்கினார்கள்.

இனி எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாட்டுப்பட்ட சம்பவம். 2006 ஜூன் 26 முதல் ஜூலை 7 வரை நியூயோர்க்கில் ஐ.நா.வின் சிறிய ரக ஆயுத மீளாய்வு மாநாடு. தலைவர் இலங்கைத் தூதுவர் பிரசாத் காரியவசம். ஒரு பக்கத்தில் ஆயுதக் கட்டுப்பாடு கேட்கும் கன்ட்ரோல் ஆர்ம்ஸ் இயக்கம் உலகம் முழுவதும் பத்து இலட்சம் பேரின் முகப்படங்களைத் திரட்டிக் கொண்டுவந்து ஐ.நா. செயலாளர் நாயகம் கொபி அனானிடம் கொடுத்தது. கொடுத்தவர் கென்ய ஓட்ட வீரர் ஒருவர். படம், கதை, எல்லாம் முதல் தரம். மற்றப் பக்கத்தில் என்.ஆர்.ஏ. தன் ஆட்களுக்கு, ஐ.நா. உங்கள் துவக்கைப் பறிக்க வருகிறது, அதுவும் சுதந்திர தினத்தன்று என்று சொன்னது. மாநாடு கள்ளக் கடத்தலைப் பற்றியது. ஜூலை 4 அன்று ஐ.நா. கட்டடமே பூட்டு. அதனால் என்ன? காரியவசத்துக்கும் அனானுக்கும் கடிதம் கடிதமாக வந்து குவிந்தது, ஆயிரக்கணக்கில். இப்படி ஒரு தீர்மானமே இல்லை என்று மனிதர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. மாநாடும் இறுதி ஆவணம் இல்லாமலே முடிந்தது. அதற்குக் கடிதம் மட்டும் காரணம் இல்லை, அரசாங்கங்கள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பத்து இலட்சம் முகத்துக்கு அந்தக் கடிதங்கள் ஈடுகொடுத்தன.

நான் சொல்ல வருவது, படமா பட்டியலா என்பது இரண்டாம் கேள்வி. முத்திரை ஒட்டக் கூடிய ஆள் யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 2013 ஏப்ரல் 17ஐ எடுங்கள். நியூடவுன் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் செத்து நாலு மாதம். கருத்துக்கணிப்பில் பத்துக்கு ஒன்பது பேர் துவக்கு வாங்குகிறவர்களின் பின்னணிச் சோதனையை விரிவாக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் செனட்டிலேயே வந்து நிற்கிறார்கள். கதையும் எண்ணும் ஒரே பக்கம். வாக்கெடுப்பில் ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60. முடிந்தது.

பானு மிஸ் | இரவு 10.37

ஐயா, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. 2018 பெப்ரவரி 14 புளோரிடாவில் பார்க்லண்ட் பாடசாலை, 17 பேர் பலி. புளோரிடா துவக்குக்காரர்களின் கோட்டை. அங்கே மார்ச் 9ஆம் திகதி துவக்கு வாங்கும் வயதெல்லையை 21 ஆக்கியும், ஆபத்தான ஆளிடமிருந்து நீதிமன்றம் துவக்கை எடுக்க வழி செய்தும் சட்டம் வந்துவிட்டது. ஒரு மாதம்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் தங்களைப் பற்றி வேறு யாரையும் கதைக்க விடவில்லை. தாங்களே பஸ் ஏறித் தலைநகருக்குப் போனார்கள். கதையைச் சொல்வது யார் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது.

புறக்கோட்டைப் பெடியன் | இரவு 10.41

எல்லாம் சரி. அமெரிக்காக்காரனின் சப்பாத்தை வைத்து நாங்கள் ஏன் அடிபடுகிறோம்? இங்கே கிழமைக்குக் கிழமை வெடிக்கிறதே.

சட்டப்புத்தகம் | இரவு 10.55

பெடியன் கேட்பது நியாயம். ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே துவக்கு அரசியலமைப்பு உரிமை. தனி ஆளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2008இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்த்தது. அதனால் அங்கே எந்தக் கதையும் உரிமையில் போய் முட்டும். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் என்பது அரசாங்கம் தருவது, வேண்டுமென்றால் திருப்பிக் கேட்பது. 2024 கடைசியில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னபோது யாராவது ஊர்வலம் போனார்களா? தவணையைத்தான் நீடித்தார்கள். இங்கே ஆட்களைக் கொல்லும் துவக்கில் பெரும்பகுதி பத்திரமே இல்லாதது. யுத்தத்திலிருந்து வெளியே கசிந்த ரி-56 ரைபிள், ஊரில் செய்த கல்கட்டாஸ். ‘சட்டத்தை இறுக்கு’ என்றால் எதை இறுக்குவது?

கொட்டாஞ்சேனை அன்ரன் | இரவு 11.10

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட ஒரு இரவு சத்தம் கேட்டது. யாரோ பட்டாசு கொளுத்துகிறான் என்றுதான் மனைவி சொன்னாள். அடுத்த நாள் பத்திரிகையில் நாலு வரி. ‘பாதாள உலகக் குழுக்களிடையே மோதல், ஒருவர் பலி.’ அவ்வளவுதான். அந்தப் பெடியனைச் சின்னதிலிருந்து தெரியும். நல்லவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாய் இருக்கிறாள். செத்த வீட்டுக்குப் போகக்கூடப் பயந்து பாதிப் பேர் போகவில்லை. ‘பாதாளம்’ என்ற ஒரு சொல்லைப் போட்டால் பிறகு கதையும் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை.

சப்பாத்து யாருடையது என்று பார்த்துத்தான் அழுகிறோம். அவனுடைய செருப்பைக் காட்டினால் உங்கள் மண்டபத்தில் யார் அழுவார்கள்?

எண்கணக்கு | இரவு 11.16

அண்ணை, இது என் தற்கொலைக் கணக்குக்கும் பொருந்துகிறது. அந்த 26,328 பேரையும் யாரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. கண்டிப்பான பூட்டுச் சட்டத்துக்கு நல்ல சான்று இருந்தும் சத்தம் குறைவாக இருப்பது அதனால்தானோ என்னவோ.

வன்னி மோகன் | இரவு 11.30

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறேன். ஊர் வவுனியாப் பக்கம். இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். கட்டுத்துவக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே.

தெரியாதவர்களுக்கு: குழாயைத் தடியில் கட்டி, பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்து விடுவது. பன்றி தட்டினால் வெடிக்கும். ஆள் தட்டினாலும் வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் ஆளுக்கு முழங்காலடியில் படும். என் மாமாவுக்கு அப்படித்தான் ஒரு கால் போனது. விடியப்புறம் தண்ணி கட்டப் போனவர். பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்கள். யார் கட்டினது என்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

பழைய நிருபர் | இரவு 11.38

தம்பி, அனுராதபுரம், பொலனறுவை ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இதைப் பற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். அதாவது ஆதாரம் அங்கே இருக்கிறது. கதை உங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர இந்த நாட்டில் ஒரு அமைப்பையும் நான் காணவில்லை. சிங்களத்திலும் அதற்கு ‘பெந்தி துவக்குவ’ என்றுதான் பெயர். கட்டின துவக்கு. சொல்லும் ஒன்று, காயமும் ஒன்று.

வாசுகி_வெள்ளவத்தை | இரவு 11.45

மோகன், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மாமாவின் கதையைச் சனிக்கிழமை சொல்லலாமா? பெயர், ஊர் எதுவும் போட மாட்டேன்.

பானு மிஸ் | இரவு 11.52

கேட்டது நல்லது வாசுகி, ஆனால் கவனம். 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படத்தோடு இருந்தார்களே. அங்கே போன எனக்கு ஒரு அம்மா சொன்னது மறக்காது. ஒரு நிறுவனத்தார் வந்து மணிக்கணக்காகக் கதை கேட்டுக்கொண்டு போனார்களாம். பிறகு யாரோ கொண்டுவந்து காட்டிய அறிக்கையின் அட்டையில் அவருடைய முகம். உள்ளே அவர் சொன்னது ஒரு வரியும் இல்லை. ‘என்ர முகம் அழுது வடியுது, வாய் மட்டும் இல்லை’ என்றார்.

வன்னி மோகன் | மறுநாள் காலை 7.20

மாமாவோடு கதைத்தேன். சொல்லலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை.

முந்தின போகத்தில் அவரும் கட்டியவர்தான். பன்றி ஒரே இரவில் அரை வயலை உழுதுவிட்டுப் போகும், காவல் கிடக்க ஆளில்லை, வேறு என்ன செய்வது என்றார். தன்னுடைய கம்பியில் ஆள் யாரும் தட்டாதது கடவுள் செயலாம். அதனால்தான் கட்டினவனைக் காட்டிக் கொடுக்கவில்லையாம். அதையும் சேர்த்துச் சொல்வதென்றால் சொல்லட்டும், அதை வெட்டிவிட்டு என்னை அப்பாவியாக்குவதென்றால் வேண்டாம் என்கிறார். எனக்கே இது நேற்று இரவுதான் தெரியும்.

வாசுகி_வெள்ளவத்தை | காலை 8.05

இயக்குநரிடம் சொன்னேன். ‘அப்படிச் சொன்னால் கேட்பவர்களின் அனுதாபம் போய்விடுமே’ என்றார். போகட்டும் என்றேன். அதை வெட்டினால் கட்டுத்துவக்கைத் தடைசெய் என்று மட்டும் கேட்கலாம், அது ஏற்கெனவே சட்டவிரோதம். வெட்டாமல் விட்டால்தான் பன்றிக்கு என்ன வழி என்ற கேள்வி வரும். வேலிக்கும் நட்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்று வரும். முதல் ஸ்லைட் அதுதான். வைத்தியர்களின் கணக்கு அடுத்தது. 48,830 பிறகு வரும், இரண்டாகப் பிரித்து. சப்பாத்தும் சுசானா ஹப்பும் பக்கத்தில் பக்கத்தில்.

அன்ரன் அண்ணை, உங்கள் ‘பாதாளம்’ எங்கே போடுவதென்று இன்னும் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை அன்ரன் | காலை 8.11

போட வேண்டாம் பிள்ளை. அந்தத் தாயிடம் நான் கேட்கவில்லை.

வன்னி மோகன் | காலை 8.30

அக்கா, மாமா தானே வந்து சொல்லலாமா என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை இரவு ரயில் எடுத்தால் விடிய வந்துவிடலாமாம். மண்டபம் எத்தனையாம் மாடி?

வாசுகி_வெள்ளவத்தை | காலை 8.34

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. பொறுங்கள், கீழே இருக்கும் அறையைக் கேட்டுப் பார்க்கிறேன்.